மண்ணுக்கு நாம் கடனாளிகளா?



மே மாதம் 15-ஆம் தேதி, உழவரான அர்ச். இசிதோருடைய திருநாள். ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் ஏறக்குறைய 1070-இல் பிறந்து 1130-இல் மரித்த இந்தப் புண்ணியவான், இன்னொருவருடைய நிலத்தில் கூலிக்கு உழுது பிழைத்தவர். 1622-ஆம் ஆண்டில் இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசம்மாள், பிலிப்பு நேரியார் ஆகிய பெரியோர்களுக்குத் திருச்சபை அர்ச்சியசிஷ்டப் பட்டம் அளித்தபோது, அதே நாளில், அதே வரிசையில், இந்தக் கூலியாளுக்கும் அளித்தது. சபை நிறுவினவர்களுக்கும் வேதபோதகர்களுக்கும் நடுவே மண்ணைக் கொத்தின ஒருவரையும் பீடத்தில் ஏற்றியதில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது.

நம்முடைய சாந்தோமில் ஏர் இல்லை, உழுவதற்கு வயலும் இல்லை. ஆனாலும் வீடு மந்திரிக்கப் போகும் நாட்களில் மொட்டை மாடியிலும் பால்கனியிலும் கத்திரி, வெண்டை, தக்காளி, கீரை, புதினா முதலியவை தொட்டிகளில் வளர்வதை அநேக இல்லங்களில் காண்கிறோம். 2013-ஆம் ஆண்டு வாக்கில் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னைவாசிகளுக்கு மானிய விலையில் விதையும் பையும் நார்க்கழிவும் கொடுக்கத் தொடங்கியது முதல் இந்த வழக்கம் நன்றாய்ப் பரவியிருக்கிறது. விஷமருந்து படாத காய் கிடைக்கிறது, மாடி குளிர்கிறது, பிள்ளைகள் விதை முளைப்பதைக் கண்ணாரக் காண்கிறார்கள். இவையெல்லாம் மெய்யான நன்மைகளே. எனினும், இவற்றை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். நாள்தோறும் மண்ணிலிருந்து எடுத்து உண்ணுகிற நாம், அந்த மண்ணுக்கு ஏதேனும் திருப்பித் தரக் கடன்பட்டிருக்கிறோமா? வீட்டுத் தோட்டம் விருப்பமுள்ளவனின் பொழுதுபோக்கா, அல்லது அதில் நீதியின் சம்பந்தம் ஏதாவது உண்டா?

முதலில் நம் வீடுகளில் நடப்பதைப் பார்ப்போம். மயிலையிலும் சாந்தோமிலும் முற்காலத்து வீடுகளுக்குப் பின்னால் கொல்லை என்று ஒன்று இருந்தது. அங்கே ஒரு கிணறு, ஒரு முருங்கை, இரண்டு தென்னை. பாத்திரம் துலக்கும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு வாழை. காய்கறித் தோலும் அடுப்புச் சாம்பலும் சருகும் கொல்லைக் குழியில் விழுந்து எருவாகி, மீண்டும் அந்த வாழைக்கும் முருங்கைக்குமே போகும். யாரும் இதைத் தருமம் என்றோ சிக்கனம் என்றோ பெயரிட்டுச் செய்யவில்லை. வீட்டு வேலைகளில் ஒன்றாய் அது நடந்து வந்தது. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பிற்று.

இப்போது கொல்லை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. சமையலறையின் மிச்சம் ஒரு வாளியில் விழுந்து, காலையில் வண்டி ஏறிப் போகிறது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை. ஆனால் அது மறைந்து போவதில்லை. சென்னை மாநகரம் நாளொன்றுக்கு 5000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையை வெளியே தள்ளுகிறது. பல பத்தாண்டுகளாக இந்தக் குப்பை வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் மலையாய்க் குவிந்தது. பெருங்குடிக் கிடங்கோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே எழுந்தது. பறவைகள் வந்து தங்குகிறதும், வெள்ளநீரை வாங்கி வைத்துக்கொள்கிறதுமான அந்தச் சதுப்பு நிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை மாநகராட்சி தொடங்கியிருக்கிறது. ஆனால் புதிய குப்பை நாள்தோறும் உண்டாகிக்கொண்டேயிருக்கிறது.

அந்தத் தீ எப்படி உண்டாயிற்று என்பதையும் சற்றே அறிந்துகொள்வது நல்லது. காய்கறித் தோலும் பழைய சோறும் காற்றோட்டமுள்ள இடத்தில் கிடந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றை மட்கச் செய்து எருவாக்குகின்றன. அதே தோல் பிளாஸ்டிக் பைக்குள் கட்டுண்டு, ஆள் உயரத்துக்கும் மேலான குப்பையின் அடியில் காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்தால், வேறு வகை நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்து மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு தீப்பற்றவும் செய்யும். எரியாமல் வானத்தில் கலந்தால் பூமியின் வெப்பத்தை அதிகரிக்கவும் செய்யும். ஆகவே தோட்டத்துக்கு எருவாகியிருக்க வேண்டிய அதே வாழைப்பழத் தோல், போன இடத்தைப் பொறுத்து, அயலானின் வீட்டுக்குள் புகையாக நுழைகிறது.

இந்த உண்மையை முன்வைத்தால், நல்லவர்களே சில ஆட்சேபனைகளைச் சொல்வார்கள். அவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆட்சேபனை: "நான் காய்க்கு விலை கொடுத்து விட்டேன். கணக்குத் தீர்ந்தது. அப்புறம் எங்கே கடன்?"

கடைக்காரரோடு உள்ள கணக்குத் தீர்ந்தது உண்மையே. ஆனால் நீங்கள் வாங்கினது எதை? ஒரு சீப்பு வாழைப்பழத்தில் சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் இல்லை. எங்கேயோ ஒரு தோட்டத்து மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியெடுத்த தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் அதில் இருக்கின்றன. வாழைக்குச் சாம்பல்சத்து மிகுதியாய் வேண்டும். அதன் தோலிலும் அது நிறைய உண்டு. பழம் லாரி ஏறிச் சென்னைக்கு வரும்போது அந்த மண்ணின் சத்தும் கூடவே வருகிறது, திரும்பிப் போவதில்லை. குறைந்துபோனதை ஈடுகட்ட, விவசாயி உரம் வாங்குகிறார். நம் தேசத்துக்கு வேண்டிய பொட்டாசு உரம் ஏறக்குறைய முழுவதும் கனடா, ரஷ்யா, ஜோர்டான் முதலிய அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. துறைமுகத்தின் வழியாய்ச் சாம்பல்சத்தை விலைக்கு இறக்குமதி செய்துகொண்டே, குப்பை லாரி வழியாய் அதே சத்தைச் சதுப்பு நிலத்தில் கொட்டுகிறோம். ஒரு குடும்பம் இப்படி வரவு செலவு செய்தால் அந்த வீட்டுத் தலைவனைப் புத்திசாலி என்று நாம் சொல்வோமா?

இதை முறையாய் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயத் தாவர சாஸ்திரி. 1905-இல் இந்தியாவுக்கு வந்த அவர், இங்குள்ள குடியானவர்களுக்குக் கற்பிக்க வந்தவர்; நாளடைவில் அவர்களையே தமக்கு ஆசிரியர்களாய் ஏற்றுக்கொண்டார். இந்தூரில் 1924 முதல் 1931 வரை அவர் வகுத்த எருத் தயாரிப்பு முறைக்கு இன்றைக்கும் இந்தூர் முறை என்றே பெயர். 1940-இல் வெளியிட்ட நூலில், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவதை ஒரு விதியாகவே அவர் எழுதி வைத்தார். அவர் சொன்னது நம் முன்னோருக்குப் புதிதல்ல. திருவள்ளுவரும் உழவு என்ற அதிகாரத்தில், உழுவதைக் காட்டிலும் எருவிடுவதையே மேலாய் மதிக்கிறார்.

ஆகவே விலை கொடுத்தது உழைப்புக்கும் பொருளுக்கும். மண் இழந்ததை அந்த விலை திருப்பித் தரவில்லை.

இரண்டாம் ஆட்சேபனை சற்றுக் கனமானது. "கடன் என்பது மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ளது. மண் ஓர் ஆள் அல்ல. அதற்கு உணர்வு இல்லை, உரிமை இல்லை. ஆள் அல்லாத ஒன்றுக்கு நான் எப்படிக் கடன்படுவேன்?"

தத்துவ சாஸ்திர வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால், ஆசிரியர் உங்களைத் தட்டிக் கொடுத்திருப்பார். ஏனெனில் இது சரியான பேச்சு. கண்டிப்பான நீதி என்பது ஆட்களுக்கு இடையே உள்ளது என்றுதான் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதிக்கிறார். நாம் மண்ணை வணங்குகிறவர்கள் அல்லர். மண்ணைத் தாய் என்று அன்பாய்ச் சொன்னாலும், அதைத் தெய்வம் என்று சொல்லோம். ஆனால் அதே சாஸ்திரியார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: புத்தியில்லாத சிருஷ்டிகளைச் சர்வேசுரனுடைய மகிமைக்காகவும் மனிதருடைய பயனுக்காகவும் பேணிக் காக்க வேண்டுமென்று விரும்பும் வகையில், அவையும் நம்முடைய தேவசிநேகத்துக்குள் அடங்கும் என்கிறார். ஆகையால் மண்ணின் பேரில் உள்ள கடன் மண்ணுக்குச் சேருவது அன்று. மண்ணின் வழியாய் மூன்று பேருக்குச் சேருகிறது.

முதலாவது, மண்ணின் சொந்தக்காரருக்கு. ஆதியாகமத்தில் சர்வேசுரன் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவுமே என்று வாசிக்கிறோம். இரண்டு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பண்படுத்தி எடுத்துக்கொண்டு, காக்காமல் விடுகிறவன் பாதிக் கட்டளையைத்தான் நிறைவேற்றினான். குத்தகைக்காரன் நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கும்போது வாங்கினதைவிடக் கெட்டதாய் ஒப்படைத்தால், சொந்தக்காரர் கேள்வி கேட்பார் அல்லவா?

இரண்டாவது, நம்முடைய மிச்சத்தைச் சுமக்கிற அயலானுக்கு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கிடங்கின் அருகே குடியிருக்கிற ஏழைக் குடும்பங்கள் அந்தக் குப்பையை உண்டாக்கினவர்கள் அல்லர். அதன் புகையை முகர்கிறவர்கள். காலையில் நம் வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர், நாம் ஒரே பையில் கட்டிக் கொடுத்த சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் குழந்தையின் அணையாடையையும் தம் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. நம் மேசையில் இன்பமாய் இருந்தது அவர் கையில் காயமாகிறது. இங்கே கடன் கொடுத்தவருக்கு முகம் இருக்கிறது. அவர் நாள்தோறும் நம் தெருவில் நிற்கிறார்.

மூன்றாவது, இன்னும் பிறவாதவர்களுக்கு. அவர்களும் உண்ண வேண்டும். மண்ணின் வளம் ஒரே தலைமுறைக்கு எழுதிக்கொடுத்த சொத்து அல்ல.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதியிட்டு எழுதிய தம் நிருபத்தில் இதையே விளக்கியிருக்கிறார். இயற்கையில் ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்கு ஆகாரமாகிறது. மனிதன் நடத்தும் தொழில்முறையோ தன் மிச்சத்தைத் திரும்ப ஏற்றுக்கொள்ள இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று அவர் வருந்தினார்.

மூன்றாம் ஆட்சேபனை: "5000 டன்னில் என் வீட்டு வாளி எம்மாத்திரம்? நான் ஒருவன் செய்தால் மலை கரைந்து விடுமா?"

கரையாது. ஆனால் ஞாயமான கடனை அளக்கும் கோல் இதுவல்ல. களவு செய்தவன் பாவசங்கீர்த்தனத்தில் பொறுத்தல் கேட்கும்போது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்று ஞானோபதேசத்தில் எல்லாரும் படித்திருக்கிறீர்கள். "ஊரில் எத்தனையோ பேர் திருடுகிறார்கள், நான் எடுத்த 10 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் ஊர்க் களவு நின்றுவிடுமா?" என்று அவன் சொன்னால் எந்தக் குருவானவர் ஒப்புக்கொள்வார்? அவன் கடன் 10 ரூபாய்; அதை அவன் தர வேண்டும். நம் நகரங்களின் வீட்டுக் குப்பையில் ஏறக்குறையப் பாதி மட்கக்கூடியது. ஆகவே தன் வீட்டு மிச்சத்தை மட்க வைக்கிற குடும்பம், தன்னுடைய பங்கில் பாதியை ஏற்கெனவே தீர்த்துவிட்டது. உலகத்தின் கணக்கு சர்வேசுரனிடத்தில் இருக்கட்டும். நம் வாளியின் கணக்கு நம்மிடத்தில் இருக்கிறது.

இனி, இந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று பார்ப்போம். இதற்கு வேண்டிய கருவிகள் சொற்பம். ஒரு சிறு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஒரு பூவாளி, ஒரு சல்லடை, மூடியுள்ள இரண்டு மண்தொட்டிகள் அல்லது பழைய வாளிகள் போதும். இவற்றை அற்பமாய் எண்ணாதீர்கள். அர்ச். ஆசீர்வாதப்பர் தம் மடத்துச் சட்டத்தின் 31-ஆம் அதிகாரத்தில், மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பீடத்துத் திருப்பாத்திரங்களைப் போல் பாவிக்கும்படி கற்பிக்கிறார். நம் அர்ச். தோமையாரைப் பற்றிச் சொல்லும் பழைய சுரியானிக் கதை நூல் ஒன்று உண்டு. திருச்சபை அதை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆயினும் அதில் ஓர் அழகான இடம் இருக்கிறது. அவருக்கு என்ன தொழில் தெரியும் என்று வர்த்தகன் கேட்டபோது, மரத்தில் கலப்பையும் நுகத்தடியும் செய்யத் தெரியும் என்று அவர் முதலில் சொன்னதாக அது கூறுகிறது. ஆகவே கலப்பை செய்யத் தெரிந்தவராய்ப் பழங்கதை கொண்டாடும் அப்போஸ்தலருடைய பங்கில், மண்வெட்டி பிடிக்க யாரும் கூச வேண்டியதில்லை.

தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் காற்றுப் போகத் துளையிடுங்கள். அடியில் காய்ந்த சருகைப் பரப்பி, அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு முதலியவற்றைப் போடுங்கள். ஒரு பங்கு ஈரமான மிச்சத்துக்கு இரண்டு பங்கு சருகு வேண்டும். ஒவ்வொரு நாளும் சருகால் மூடிவிடுங்கள். முதல் நாள் ஒரு கை பழைய எருவோ, சிறிது சாணமோ, புளித்த மோரோ தெளித்தால் வேலை சீக்கிரம் தொடங்கும். நான்கைந்து நாளைக்கு ஒருமுறை களைக்கொத்தால் கிளறி விடுங்கள். பிழிந்த துணியின் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். துர்நாற்றம் வீசினால் தண்ணீர் அதிகம், காற்று போதவில்லை என்று பொருள்; இன்னும் சருகு சேர்த்துக் கிளறினால் சரியாகிவிடும். எலும்பு, எண்ணெய்ப் பதார்த்தம், பால் ஆகியவற்றை இதில் போட வேண்டாம். தொட்டி நிறைந்ததும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். சுமார் 60 நாளில், மழை பெய்த மண்ணின் வாசனையோடு கருப்பாய் எரு கிடைக்கும். அதைச் சலித்து, கப்பியை மீண்டும் தொட்டியிலேயே போடுங்கள். தெருவில் உதிரும் சருகைக் கொளுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் எரிப்பது எருவின் பெரும்பங்கை.

நம் பங்கில் கடல்தொழில் செய்கிற குடும்பங்கள் அநேகம். அவர்களுக்கும், மீன் வாங்குகிற எல்லாருக்கும் ஏற்ற வேறொரு முறை உண்டு. மீனின் தலை, குடல், செதிள் முதலியவற்றை அதே எடை நாட்டு வெல்லத்தோடு கலந்து, மூடியுள்ள பாத்திரத்தில் நிழலில் மூன்று முதல் ஐந்து வாரம் வைத்தால் மீன் அமிலம் என்ற தேன் போன்ற திரவம் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிக்கு மேற்படாமல் கலந்து செடிக்குத் தெளிக்கலாம். இப்படி லூப் சாலையில் வாங்கும் மீனின் கழிவும் ஒரு கத்திரிச் செடிக்கு ஆகாரமாகிறது.

நம்முடையது கடற்கரை மணல். மணலில் தண்ணீர் நிற்பதில்லை, சத்தும் நிற்பதில்லை. எரு சேரச் சேர மணல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ளும். தரையில் இடமுள்ளவர்கள் முருங்கையும் கொத்தவரையும் கீரையும் வைக்கலாம். மாடித் தொட்டிகளுக்குச் செம்மண், எரு, உப்புப் போகக் கழுவின தென்னை நார்க்கழிவு மூன்றையும் சமமாய்க் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்குச் சேர்த்தால் கனமும் குறையும், வேர்ப்புழுவும் அண்டாது. செடியைச் சுற்றிச் சருகால் மூடாக்குப் போடுங்கள். அரசாங்க ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு வெளியேறி, இயற்கை வேளாண்மையைத் தமிழகமெங்கும் நடந்து பரப்பி, 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார் ஓயாமல் வலியுறுத்தியவற்றுள் இந்த மூடாக்கும் ஒன்று. வெயில் மண்ணை நேரே தாக்காதபோது தண்ணீரில் பெரும்பகுதி மிச்சமாகிறது.

தண்ணீர் என்றதும், தோட்டம் வைக்கிறவர்களின் மனசாட்சிக்கு உரிய ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2019-ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. தெருவில் தாய்மார் குடத்தோடு நிற்கும்போது, மாடியில் குடிதண்ணீரைக் குழாய் வைத்துச் செடிக்கு விடுவது புண்ணியமா? அது புண்ணியமன்று. முதல் உரிமை மனிதனுடைய தாகத்துக்கு; செடியின் உரிமை அதன் பின்னேதான். நாம் நம்முடையதாய் வைத்திருக்கிற பொருளையும், தேவையில் இருப்பவனோடு பகிர்ந்துகொள்ள ஆயத்தமாய், பொதுப்பொருளைப் போலவே உபயோகிக்க வேண்டுமென்று அக்குயினாஸ் போதிப்பது தண்ணீருக்கும் பொருந்தும். ஆகவே அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் இவற்றைச் சேர்த்து வையுங்கள். சிறு தோட்டத்துக்கு அது பெரும்பாலும் போதும். பூவாளியால் வேரடியில் காலையிலோ மாலையிலோ விடுங்கள். மழைநீர் சேகரிப்பை 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கியது. உங்கள் வீட்டுக் குழி தூர்ந்துபோயிருந்தால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே போனால் உப்புநீர் உள்ளே ஏறும். மழைநீரை இறக்கினால்தான் கிணறு இனிக்கும்.

இன்னும் இரண்டு சிறு நீதிகள் உண்டு. மேல்மாடியில் தண்ணீர் தேங்கிக் கீழ்வீட்டாரின் கூரை ஒழுகுமானால், அங்கே தோட்டம் அல்ல, அநீதிதான் வளர்கிறது; கட்டிடம் கனம் தாங்குமா, நீர் வடிய வழி உண்டா என்று முதலில் பாருங்கள். தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் நின்ற நல்ல தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் டெங்கு கொசு உண்டாகும். வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கவிழ்த்துவிடுங்கள்.

கடைசி ஆட்சேபனை: "சுவாமி, எங்களுக்கு மாடியும் இல்லை, தரையும் இல்லை, ஒண்டுக்குடித்தனம். இதெல்லாம் இடமுள்ளவர்களுக்குத்தானே?"

ஞாயமான பேச்சு. முடியாததற்கு யாரும் கடன்பட்டவர் அல்லர். ஆனால் முடிந்தது எல்லாருக்கும் ஒன்று உண்டு. மட்குவதையும் மட்காததையும் வேறு வேறாய்ப் பிரித்து, உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பதற்கு மாடி வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளே குப்பையை வீட்டிலேயே பிரிக்கும்படி கட்டளையிட்டன. சட்டம் வருமுன்பே இது பிறர்சிநேகத்தின் கட்டளையாய் இருந்தது. இடமுள்ளவர்களுக்கோ கடமை அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் தொட்டி வைத்தால் நான்கு வீட்டு மிச்சத்தை வாங்கிக்கொள்ளலாம். எரு கிடைத்ததும் நான்கு வீட்டுக்கும் கொடுக்கலாம். விளைந்ததில் ஒரு கட்டுக் கீரை, காலையில் வண்டி தள்ளி வருகிற பணியாளரின் வீட்டுக்கும் போகட்டும். ஆடம்பரமாய்ச் செலவு செய்து, விருந்தினருக்குக் காட்டுவதற்காகவே தோட்டம் வைத்து, சமையலறை மிச்சத்தை முன்போலவே வண்டியில் ஏற்றுகிறவர் செடியை வளர்க்கிறார், கடனைத் தீர்க்கவில்லை. ஒரே ஒரு புதினாத் தொட்டியும் ஒரு எரு வாளியும் உள்ள ஏழைத்தாயோ தீர்த்துவிட்டாள். அர்ச். இசிதோருக்கும் சொந்த நிலம் தேவைப்படவில்லை.

சுவிசேஷத்தில் காய்க்காத அத்திமரத்தின் உவமை உங்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டு கனி தேடி ஏமாந்த சொந்தக்காரர் அதை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரனோ, இன்னும் ஓராண்டு பொறுக்கும்படியும், சுற்றிலும் கொத்தி எருப் போட்டுப் பார்ப்பதாகவும் மன்றாடுகிறான். சேசுநாதர் தம்முடைய பொறுமையை நமக்கு விளங்கவைக்க ஒரு மண்வெட்டியையும் ஒரு கூடை எருவையும் எடுத்துக் காட்டினார். ஆத்துமத்துக்கு அவர் செய்வதை மண்ணுக்குச் செய்ய நம்மை அவர் அழைப்பதில் வியப்பென்ன?

இன்றைக்கு நீங்கள் முதல் பிடிச் சருகைத் தொட்டியில் போட்டால், ஜூலை 3-ஆம் தேதி அர்ச். தோமையார் திருநாளுக்கு அது பாதிக்கு மேல் மட்கியிருக்கும்; ஆடி பிறக்கும்போது எரு கையில் இருக்கும். ஆடிப்பட்டத்துக்கு விதைக்க அதுவே தருணம். ஆடி மாதத்து முதல் ஞாயிறன்று பூசைக்கு வரும்போது உங்கள் விதைகளையும், களைக்கொத்தையும், ஒரு கை எருவையும் கொண்டுவாருங்கள். பூசை முடிந்ததும் அவற்றை மந்திரித்துத் தருகிறேன். தோட்டம் இல்லாதவர்கள், பிரித்துக் கொடுக்கும் இரண்டு வாளிகளை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வந்தாலும் போதும். அவர்களுக்கும் அந்த ஆசீர்வாதத்தில் பங்கு உண்டு.

சர்வேசுரன் உங்கள் இல்லங்களையும் உங்கள் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு